பதினொரு மணி விக்கல்

பெயரைக் கேட்டார்கள், அப்பா பெயரைக் கேட்கவில்லை. தப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

குட்டலஅள்ளியில் பூங்காவனம் என்று இரண்டு பேர். ஒருவர் ஆண், கரியப்பன் மகன், பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர். ஊர் அவரை டேங்க்காரர் என்று சொல்லும். இன்னொருத்தி பெண், கன்னியப்பன் மகள், முனிரத்தினத்தின் பட்டு நூற்பாலையில் பின்கட்டு அறையில் தனியாக உட்கார்ந்து ஓட்டைக் கூடு, கறைக் கூடு, ரெட்டைக் கூடு என்று பட்டுக்கூடுகளைப் பிரித்துப் போடுகிறவள். ஊர் அவளை எதுவும் சொல்லாது. முன்பக்கத்தில் வெந்நீர்த் தொட்டிகளுக்கு முன்னால் நூல் இழுக்கிற பெண்கள், கூடு தீர்ந்துபோனால் சுவரைப் பார்த்து 'கூடு!' என்று கத்துவார்கள். கூடு வரும். யார் கொண்டுவந்தது என்று திரும்பிப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை, கொதிக்கிற தண்ணீருக்குள் விரலை விட்டு நூல் முனையைத் தேடுகிறவளுக்கு வேறு எதற்கும் நேரம் இருக்காது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பெயர், ஒரே முன்னெழுத்து. க. பூங்காவனம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வசுமதி என்ற விஞ்ஞானி சென்னையிலிருந்து வந்து, மூடிக் கிடந்த அரிசி மண்டியைச் சுத்தம் செய்து லேப் வைத்தார். அவர் செய்ய வந்த காரியம் சொல்லக் கொஞ்சம் நீளம், ஆனால் புரியாத காரியம் இல்லை: மனித உடம்பில் தோலைத் தோலோடு பிடித்து வைக்கும் பசை ஒன்று உண்டு, அந்தப் பசையை எப்படிச் செய்வது என்கிற குறிப்பு ரத்தத்துக்குள் மரபணுவாக எழுதிக் கிடக்கிறது, அந்தக் குறிப்பை மட்டும் கத்தரித்து, சுமந்து போக ஒரு வளையத்தில் ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் பட்டுப்புழுவின் முட்டைக்குள் விட்டால், பொரிந்து வரும் புழு மல்பெரி இலையைத் தின்று பட்டோடு சேர்த்து மனிதப் பசையையும் கக்கும். எந்தப் புழு குறிப்பை ஏற்றுக்கொண்டது, எது ஏற்கவில்லை என்று தெரிய வேண்டுமே, அதற்காகப் பவளப்பூச்சியிலிருந்து இன்னொரு குறிப்பையும் கூடவே கோத்துவிட்டார். நீல விளக்கைக் காட்டினால் ஏற்றுக்கொண்ட புழுவின் கண் சிவப்பாக மினுக்கும். அந்தப் புழு கட்டிய கூட்டைக் கரைத்து, அப்பளம்போல மெல்லிசாக ஊற்றிக் காயவைத்து, வெந்த கையில் ஒட்டினால் ஒன்பது நாளில் புதுத்தோல். இதற்குப் பட்டுத்தோல் என்று பெயர் வைத்தார்.

மரபணுவுக்கு ரத்தம் வேண்டும். டேங்க்காரர் ரத்தம் என்று முடிவாயிற்று. காரணம், அவர் சின்ன வயதில் வெல்லம் காய்ச்சுகிற கொப்பரையில் விழுந்து எழுந்தவர், உடம்பில் ஒரு வடு கிடையாது. யார் கேட்டாலும் சட்டையைக் கழற்றிக் காட்டுவார். கேட்காவிட்டாலும் காட்டுவார். வசுமதி பின்னால் ஒரு நாள், 'சரக்கு எல்லார் உடம்பிலும் ஒண்ணுதான், ஊர்க்காரங்க ஆசைப்பட்டாங்கன்னு சரின்னேன்' என்று சொன்னார். அது பின்னால்.

மார்கழியில் ஒரு காலை டேங்க்காரரை ரத்தம் கொடுக்க வரச் சொல்லியிருந்தார்கள், அதே காலை லேப் வாசலில் சர்க்கரை சோதிக்கிற முகாமும் போட்டிருந்தார்கள். பின்கட்டு பூங்காவனம் அதற்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து, "க. பூங்காவனம்!" என்றது ஒரு குரல். போனாள். கையை நீட்டினாள். கண்ணாடி போட்ட ஒரு டெக்னீஷியன், "வலிக்காதும்மா" என்று சொல்லி ஊசியைக் குத்தினார். வலித்தது. சர்க்கரைக்கு இவ்வளவு ரத்தமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள், கேட்கவில்லை. டேங்க்காரர் அப்போது தொட்டிமேல் நின்று அடைத்துக்கொண்ட குழாயைக் குத்திக்கொண்டிருந்தார்.

இப்படியாக, சம்மதக் கையெழுத்து ஒருவருடையது, ரத்தம் ஒருத்தியுடையது.

புழு பிழைத்துப் பட்டாகிப் பட்டு தோலாக மூன்று வருஷம் ஆனது. இந்தத் தை மாதம் நூற்பாலைப் பெண்கள் இருபத்து மூன்று பேர் கையிலும் பட்டுத்தோல் ஒட்டினார்கள். சுட்டுவிரலும் கட்டைவிரலும் எப்போதும் வெந்து, உரிந்து, சோற்றில் உப்புப் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்து, பிள்ளையின் கன்னத்தைத் தொட்டால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிற கைகள் அவை. ஒன்பதாம் நாள் உறையைப் பிரித்தால் உள்ளே குழந்தைத் தோல். கோவிந்தம்மா, அந்த ஆலையிலேயே மூத்தவள், முப்பது வருஷம் தொட்டியில் கை விட்டவள், தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரு கைடி?" என்றாள்.

சரியான கேள்வி.

அன்று பதினொன்று பத்துக்கு விக்கல் வந்தது. இருபத்து மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில், ஒரே சுதியில், 'விக்'. இருபத்து மூன்று நூலும் ஒரே நேரத்தில் அறுந்தது. திரும்பக் கோத்தார்கள். 'விக்'. திரும்ப அறுந்தது. ஐந்து நிமிஷம். பிறகு நின்றது. எல்லோரும் ஒரு சொம்பில் தண்ணீர் குடித்துவிட்டு, "யாரோ நெனைக்கிறாங்கடி" என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். மறுநாள் பதினொன்று பத்து. அதற்கு மறுநாளும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை. விக்கலுக்கும் வார விடுமுறை உண்டு என்று ஊர் எடுத்துக்கொண்டது.

ஊர் எதையும் எடுத்துக்கொள்ளும். டீக்கடை மாதையன் இரண்டாம் பாலை விக்கலுக்குக் காய்ச்சினான். பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி விக்கலைக் கேட்டு அடித்தார்கள், ஏனென்றால் கடிகாரம் நாலு நிமிஷம் பிந்தி ஓடியது, விக்கல் பிந்தியதில்லை. தருமபுரி பஸ்காரர், 'விக்கலுக்கு முந்தின வண்டி, விக்கலுக்குப் பிந்தின வண்டி' என்று பெயர் வைத்துவிட்டார். முனிரத்தினம் டீ நேரத்தைப் பதினொன்று பத்துக்கு மாற்றினார். அவர் அப்படியொன்றும் கெட்டவர் இல்லை. புருஷன்மார்தான் கொஞ்சம் படுத்தினார்கள். தினமும் இந்த நேரத்துக்கு என் பெண்டாட்டியை நினைக்கிறவன் எவன் என்று ஒருவன் யோசிக்க ஆரம்பித்தான், அது பரவி, இருபத்து மூன்று புருஷன்மாரும் பதினொரு மணிக்கு ஆலை வாசலில் கூடி, ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துக்கொண்டு, தான் யாரையும் நினைக்கவில்லை என்று காட்டுவதற்காக ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு வாரம் நின்றார்கள். பிறகு கால் வலித்தது, போய்விட்டார்கள்.

வசுமதி முதல் நாள், "மரபணுவுக்கு விக்கல் எல்லாம் தெரியாது" என்றார். நாலாம் நாள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து முக்காலியில் உட்கார்ந்து, எத்தனை விக்கல், எத்தனை நொடி இடைவெளி என்று எழுத ஆரம்பித்தார். கண்ணால் பார்த்ததை எழுதாமல் விட அவருக்குத் தெரியாது.

பின்கட்டில் பூங்காவனம் என்ன செய்துகொண்டிருந்தாள்? அவளும் விக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் கையில் பட்டுத்தோல் இல்லை. காய்ந்த கூட்டைத் தொடுகிறவளுக்குக் கை வேகாது. ஆனால் அந்த விக்கல் அவளுக்கு மூன்று வருஷப் பழக்கம். பதினொரு மணி தாண்டி வரும், ஐந்து நிமிஷம் இருக்கும், போகும், ஞாயிறு வராது. முதல் நாள் முன்பக்கத்திலிருந்து இருபத்து மூன்று 'விக்' ஒன்றாகக் கேட்டபோது, தன் விக்கல் சுவரில் மோதித் திரும்பி வருகிறது என்றுதான் நினைத்தாள். இரண்டாம் நாள் அது எதிரொலி இல்லை என்று தெரிந்தது. மூன்றாம் நாள், ஊசி குத்திய இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். தோலுக்குப் போன பூங்காவனம் ரத்தம் டேங்க்காரருடையது இல்லை என்று அன்றே புரிந்துவிட்டது. சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. விக்கலுக்கு வைத்தியம் எல்லோருக்கும் தெரியும்: நினைக்கக்கூடிய ஆட்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், நினைக்கிற ஆளின் பெயர் வந்ததும் விக்கல் நிற்கும். இவளை நினைக்கிறது யார் என்று இவளுக்குத் தெரியும். கட்டினவன். பதினாறு வருஷத்துக்கு முன்னால் லாரியில் ஓசூருக்குப் போய், அங்கே இன்னொருத்தியோடு இருந்துவிட்ட கட்டினவன். குட்டலஅள்ளிக்கு பஸ்ஸில் வரும்போதே பொட்டை அழித்துவிட்டு வந்தாள். 'வீட்டுக்காரர்?' என்று கேட்ட முதல் ஆளுக்கு 'செத்துட்டாரு' என்றாள். விட்டுட்டுப் போயிட்டாரு என்று சொன்னால் ஏன், எப்படி, உன்மேல் என்ன குறை என்று நூறு கேள்வி வரும். செத்துட்டாரு என்றால் ஒரு 'த்ச்' மட்டும்தான். செத்தவன் நினைக்க மாட்டான். அவன் பெயரைச் சொல்லி விக்கல் நின்றால் அவள் பதினாறு வருஷமும் பொய்.

அதுவுமில்லாமல், அந்த விக்கல் அவளுக்குப் பிடித்திருந்தது. பதினொரு மணி ஆனதும் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் விக்குவாள். இப்ப சாப்பாட்டுக்கு வண்டியை ஓரம் கட்டியிருப்பாரு, இப்ப கை கழுவுறாரு, இப்ப நெனைக்கிறாரு. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொம்பளை பக்கத்தில் இருப்பாள், நினைக்க முடியாது, பாவம். இப்படியாக அவனுக்காகக் காரணமெல்லாம் இவளே சொல்லிக்கொண்டாள். யாராவது ஒருவர் நினைக்கிறார் என்பது சின்ன விஷயம் இல்லை, நினைக்கப்படுகிறவர்களுக்கு வேண்டுமானால் சின்ன விஷயமாக இருக்கலாம்.

பங்குனியில் விக்கல் பத்து நிமிஷமாயிற்று. சித்திரையில் ஒரு மணி நேரம். வைகாசியில் பதினொன்றுக்கு ஆரம்பித்தால் மூன்று மணிவரை. நூல் அறுந்து அறுந்து ராட்டைகள் வெறுமனே சுற்றின. நூல் இழுக்கிறவர்களில் தேன்மொழிக்கு வயிற்றில் ஏழு மாசம். விக்கும்போது வயிறு கல்லாக இறுகியது, நர்ஸ் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் பிள்ளை முந்திக்கொள்ளும் என்றாள். முனிரத்தினம், "நானும் எத்தினி நாளைக்குத்தான் பொறுக்கிறது? ஆடி வரைக்கும் பாக்குறேன், நிக்கலைன்னா மெஷின் போட்டுடறேன். மெஷின் விக்காது" என்றார். இருபத்து மூன்று பேரும் கேட்டார்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை, பேசினால் நடுவில் விக்கல் வருகிறது.

வைத்தியத்தை ஆரம்பித்தார்கள். அவளவள் தன் ஆட்களைச் சொன்னாள்: அம்மா, அக்கா, ஆயா, பங்காளி, எதிர்வீடு, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள். நிற்கவில்லை. நாலு நாள் பெயர் சொன்னார்கள், ஊரில் உள்ள பெயரெல்லாம் தீர்ந்தது. அப்போது வசுமதி நோட்டிலிருந்து நிமிர்ந்து, "நீங்க உங்க ஆளுங்க பேரைச் சொல்றீங்க. தோல் உங்களுதில்லையே. பூங்காவனத்தோடது. அவரை நினைக்கிறவங்க பேரைச் சொல்லணும்" என்றார். இதைச் சொன்ன பிறகு அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் கணக்கு சரி.

டேங்க்காரரைக் கூட்டிவந்து நாற்காலி போட்டு நடுவில் உட்காரவைத்தார்கள். அவர் சட்டையைக் கழற்றினார்.

"சட்டை எதுக்குண்ணா? பேரைச் சொல்லு" என்றாள் கோவிந்தம்மா.

சொன்னார். பெண்டாட்டி பட்டம்மா, மூன்று மகள்கள், மருமகன்கள், தண்ணீர் வரவில்லை என்று திட்டுகிற மேலத்தெரு முழுவதும். விக், விக், விக். ஒரு மணி நேரம் கழித்து, மேலே பார்த்துக்கொண்டு, மெல்ல, "பாலக்கோடு வெண்ணிலா" என்றார்.

பட்டம்மா பின்னால்தான் நின்றிருந்தாள். கையில் இருந்த சொம்புத் தண்ணீரை அப்படியே தலையில் ஊற்றினாள். "எந்த வெண்ணிலாடா?"

விக், என்றார்கள் இருபத்து மூன்று பேரும். நிற்கவில்லை. டேங்க்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவளும் நெனைக்கலியா" என்றார். தலையில் தண்ணீர் விழுந்ததைவிட அதுதான் அவரைச் சாய்த்தது. இதில் இன்னொன்று, அவர் விக்கவே இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. பின்கட்டுக் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் கவனித்தாள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விக்கிக்கொண்டே கவனித்தாள். தேன்மொழி சுவரைப் பிடித்துக்கொண்டு வயிற்றைத் தாங்கியபடி கீழே உட்கார்ந்ததையும் கவனித்தாள்.

மறுநாள் பதினொன்று பத்துக்குப் பூங்காவனம் முன்பக்கத்துக்கு வந்தாள். கையில் கூடு இல்லை.

"கூடு கேக்கலையே" என்றாள் கோவிந்தம்மா.

"தெரியும்." விக். "அது என் ரத்தம்."

"எது?"

"உன் கையில இருக்கிறது. எல்லாரு கையிலயும் இருக்கிறது. என்னுது." விக். அவள் விக்கலும் இருபத்து மூன்று விக்கலும் ஒன்றாக விழுந்ததை அப்போதுதான் எல்லோரும் கேட்டார்கள். முக்காலியிலிருந்து வசுமதி எழுந்தார்.

"அவரு பேரைச் சொல்லிடறேன், நின்னுடும்" என்றாள் பூங்காவனம். கட்டினவன் பெயரை அவள் ஒரு நாளும் சொன்னதில்லை, வாழ்ந்தபோதும் இல்லை, விட்டுப் போன பிறகும் இல்லை. கூட வாழ்ந்த காலத்தில் ரேஷன் கார்டுக்குக்கூடப் பக்கத்து வீட்டுக்காரியைக் காட்டி, அவளைச் சொல்லவைத்தவள். தேன்மொழியின் வயிற்றைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "கோதண்டம்."

விக்.

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். "கோதண்டம். லாரி டிரைவர் கோதண்டம். ஓசூரு."

விக்.

நூற்பாலை முழுக்க ஆவி. தொட்டிகள் கொதிக்கிற சத்தம். பூங்காவனம் கண்ணைத் திறக்கவில்லை. மூன்று வருஷம், வாரத்துக்கு ஆறு நாள், அவன் வண்டியை ஓரம் கட்டி, கை கழுவி, நினைத்தது எல்லாம் இல்லை என்று ஆயிற்று. ஓசூரில் அவன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

"அவரு செத்துட்டாருன்னு சொன்னியே?" என்றாள் ஒருத்தி.

"சாவல."

கோவிந்தம்மா கேட்டாள். "அப்ப பதினாறு வருஷமா பூ வெக்காம இருந்தது தெண்டமாடி?"

யாரோ சிரித்துவிட்டார்கள். சிரிப்பின் நடுவில் விக்கல் வந்து, இன்னும் சிரித்தார்கள். பூங்காவனம் கண்ணைத் திறந்தாள். அவளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, அவளோடு சேர்ந்து சிரிக்க இடம் விட்டு நின்றார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் இடம் விட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

"சரி, கழுதை. அடுத்த பேரைச் சொல்லு" என்றாள் கோவிந்தம்மா.

அடுத்த பெயர் இல்லை. அம்மா போய்விட்டாள், அப்பா போய்விட்டார், தம்பி ஒருவன் பிறந்த அன்றே போனான். யோசித்துப் பார்த்தாள். அவளை நினைப்பதற்கு ஆள் இல்லை. "இல்ல" என்றாள். "வேற யாரும் இல்லக்கா."

அப்போது கோவிந்தம்மா முகம் ஒரு மாதிரி ஆனது. இவளோடு பதினாறு வருஷம் ஒரே கூரைக்கடியில் வேலை பார்த்திருக்கிறாள். கூடு வேண்டும் என்று நினைத்திருக்கிறாள், கூடு இன்னும் வரவில்லையே என்று நினைத்திருக்கிறாள். இவளை நினைத்ததில்லை. நினைத்திருந்தால் விக்கல் அதற்கும் வந்திருக்கும். திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள், அவரவர் தொட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வசுமதிக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. அவர் வேறொன்றில் நின்றுவிட்டார். "உங்க ரத்தம் எப்படிம்மா எங்ககிட்ட வந்தது?"

"சக்கரை பாக்க வந்தேன். பூங்காவனம்னு கூப்பிட்டாங்க. கையை நீட்டுனேன்."

"அப்பா பேரு கேக்கலையா?"

"யாரும் எதுவும் கேக்கல."

"யார் எடுத்தது?"

"அந்தக் கண்ணாடி போட்ட தம்பி. வலிக்காதும்மான்னாரு."

வசுமதி போனில் அந்த டெக்னீஷியனைக் கூப்பிட்டார். "எபி. ரத்தம் எடுத்த பழைய பதிவேட்டை எடுத்துக்கிட்டு நூற்பாலைக்கு வாங்க. இப்பவே."

லேப்பிலிருந்து ஆலைக்குப் பத்து நிமிஷ நடை. அந்தப் பத்து நிமிஷத்தில் விக்கல் ஏறிக்கொண்டே வந்தது. அவர் கோயிலைத் தாண்டும்போது ராட்டைகள் ஆடின, டீக்கடையைத் தாண்டும்போது தொட்டித் தண்ணீர் தளும்பி அடுப்பில் விழுந்தது, தேன்மொழியை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். வாசலில் வந்து நின்றார் அந்த டெக்னீஷியன், கண்ணாடி போட்ட, நாற்பது வயது ஆள், பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு. உள்ளே பூங்காவனத்தைப் பார்த்தார். பார்த்ததும் எல்லோருக்கும் மூச்சே நின்றுவிடும்போல ஒரு விக்கல் வந்தது.

"நான்தான் மேடம்" என்றார்.

"என்ன நான்தான்?"

"நான்தான் நெனைச்சேன்." பதிவேட்டைத் திறக்கவே இல்லை, அதில் இருப்பது அவருக்கு மனப்பாடம். "அன்னிக்கே சாயங்காலம் தெரிஞ்சுபோச்சு. டேங்க்காரர் வந்து, ரத்தம் எடுக்கலையான்னு கேட்டாரு. அப்பதான் காலையில எடுத்தது வேற ஆளுன்னு... சம்மதப் படிவத்துல அவருகிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டு, பேருக்கு ஒரு ஊசி குத்தி அனுப்பிட்டேன், காலையில எடுத்தது அதுக்குள்ள பதிவாயிடுச்சு, ரத்தம் அந்தம்மாவோடதையே வெச்சுட்டேன். அந்த மாசம்தான் என் வேலையை நிரந்தரம் பண்றதா இருந்தீங்க. தினமும் பதினொண்ணு பத்துக்கு ஃப்ரீசரைத் திறந்து எத்தனை டிகிரின்னு குறிக்கணும்ல, திறந்தா மொதல்ல அந்தக் குழாய்தான் கண்ணுல படும். க. பூங்காவனம். ஐயோ, அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்கலையேன்னு அஞ்சு நிமிஷம் நிப்பேன். ஞாயித்துக்கிழமை லீவு."

விக்கல் மட்டும் பேசியது.

"இவங்கெல்லாம் விக்க ஆரம்பிச்சதும் இன்னும் நெனைச்சேன். நெனைக்க நெனைக்க இவங்களுக்கு அதிகமாச்சு. அதிகமாச்சுன்னு கேள்விப்பட்டு இன்னும் நெனைச்சேன். நெனைக்காம இருக்க முடியல மேடம்."

"அறிவு இருக்கா உங்களுக்கு?" என்றார் வசுமதி. பிறகு பதிவேட்டை வாங்கிப் பிரித்தார். பதிவேட்டில் ஆணா பெண்ணா என்ற கட்டம் மூன்று வருஷமாகக் காலியாக இருந்ததை அவரும் பார்க்கவில்லை. மேற்கொண்டு திட்டவில்லை.

கோவிந்தம்மாவுக்குப் பொறுமை போயிற்று. "அதெல்லாம் அப்புறம். பேரைச் சொல்லுடி, புள்ளைக்காரி துடிக்கிறா!"

பூங்காவனம், "எபி" என்றாள்.

விக்.

எல்லோரும் சேர்ந்து, "எபி!" என்றார்கள். விக். பாதிப் பெயருக்கு நிற்கிற விக்கல் இல்லை அது.

பூங்காவனம் அந்த ஆளின் எதிரில் போய் நின்றாள். மூன்று வருஷமாகத் தன்னை நினைத்த முகத்தை முதல்முறை சரியாகப் பார்த்தாள். அவள் நினைத்துவைத்திருந்த முகம் இல்லை. வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது, கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கியிருந்தது, சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. அன்பினால் நினைத்தவனும் இல்லை, பயத்தினால் நினைத்தவன். ஆனாலும் ஞாயிறு தவிர ஒரு நாள் தவறாமல் நினைத்திருக்கிறான். கோபப்படலாமா என்று பார்த்தாள், வந்த கோபம் ஓசூருக்குப் போய்விட்டது, இங்கே மிச்சம் இல்லை.

"உன் பேரு என்னா தம்பி?" என்றாள். "முழுசா சொல்லு. அப்பா பேரு என்னா?"

அது அவர் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதே பெஞ்சு, அதே ஊசி, அந்த ஒரு வரியைக் கேட்டிருந்தால் போதும்.

"எபிநேசர்மா. அப்பா பேரு தேவசகாயம்."

"தேவசகாயம் மகன் எபி... நேசரு" என்றாள் பூங்காவனம், வாயில் வராத பெயரைக் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கிப் பொறுக்கி.

விக்கல் நின்றது.

கொதிக்கிற தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. தேன்மொழி மெல்ல மூச்சு விட்டாள், வயிறு இளகியது, உள்ளே பிள்ளை புரண்டு படுத்தது, அதைச் சுற்றி நின்றவர்கள் துணிக்கு மேலாகவே பார்த்தார்கள். மாதையன் டீக்கடையிலிருந்து ஓடிவந்து, "என்னாச்சு, பால் பொங்கிடுச்சு, சத்தமே காணோம்?" என்றான்.

மிச்சம் கொஞ்சம்தான். மறுநாள் வசுமதி ஒரு சம்மதப் படிவத்தோடு பின்கட்டுக்கு வந்து, கூட்டு மூட்டைமேல் உட்கார்ந்து, ஒளிக்காமல் சொன்னார்: உங்களைக் கேட்காமல் எடுத்தது தப்பு, நீங்கள் வேண்டாம் என்றால் உங்கள் குறிப்பு ஏறிய புழு எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும், அதுதான் சட்டம், அழித்துவிடுகிறேன்; ஒட்டின தோலை ஒன்றும் செய்ய முடியாது, புதிதாகச் செய்ய மாட்டேன். பூங்காவனம் புழுவைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப் போனார். ஜன்னலை அடைத்து நீல விளக்கைப் போட்டதும் தட்டுத் தட்டாகச் சிவப்புக் கண்கள் மினுக்கின, ஆயிரக்கணக்கில், எல்லாம் தலையை ஆட்டி ஆட்டி மல்பெரி தின்றுகொண்டிருந்தன, மழை பெய்கிற சத்தம்போல. ஒரு தட்டின் மேல் குனிந்தாள்.

"இதுங்க எல்லாம் எனக்கு என்னா வேணும்?" என்றாள்.

வசுமதி யோசித்தார். "முறை எதுவும் இன்னும் யாரும் வைக்கலம்மா."

"இலையை ஈரமா போடாதீங்க, சீக்கு வரும்" என்றாள் பூங்காவனம். படிவத்தை வாங்கினாள். அதில் பெயருக்குக் கீழே, தந்தை பெயர் அல்லது கணவர் பெயர் என்று போட்டிருந்தது. பேனாவைக் கேட்டு வாங்கி, 'அல்லது'விலிருந்து கடைசிவரை ஒரு கோடு இழுத்தாள். மேலே அப்பா பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எபிநேசர் குழாயின் பழைய சீட்டை உரித்து, அவள் எழுதியதைப் பார்த்துப் புதுச் சீட்டு எழுதி ஒட்டினார். அவர் வேலையைப் பற்றிக் கேட்டால், வேலையில்தான் இருக்கிறார். ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் தாத்தா பெயர்வரை கேட்கிறார், ஜனங்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

விக்கல் அடியோடு போகவில்லை. இப்போதெல்லாம் அவளை நினைக்கிறவர்கள் அதிகம். தேன்மொழி பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது நினைக்கிறாள், கோவிந்தம்மா கொழம்பு நன்றாக வந்தால் நினைக்கிறாள், டேங்க்காரர் தன் பெயரை யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால் நினைக்கிறார். இருபத்து மூன்று பேருக்கும் அவளுக்கும் ஒரு 'விக்' வரும். உடனே நினைத்தவர் எந்தத் தெருவில் இருந்தாலும் அங்கிருந்தே கத்திவிட வேண்டும், அது ஊர் வழக்கமாகிவிட்டது: "நான்தான், கோவிந்தம்மா, முனுசாமி மவ, சும்மா நெனச்சேன்!" நின்றுவிடும். நூல் அறுவதற்குள் நின்றுவிடும். முனிரத்தினம் மெஷினைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்த முதல் தப்பைச் சரி செய்தவள் பெயர் குழாயில் எழுதியிருக்கிறது. க. பூங்காவனம். பெண். தந்தை பெயர் கன்னியப்பன்.